மனநல ஆணையத்தின் தலைவரை யார் நியமிக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், மின்வாரியம் எல்லாம் எழுதியாகிவிட்டது. என் சித்திக்கு மனச்சிதைவு நோய், 20 வருடத்துக்கு மேலாக அவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது நான்தான் என்பது தெரு அறிந்த சங்கதி. அதனால் யார் வீட்டிலாவது ‘மனசு சரியில்லை’ என்றால் அந்த மனுவும் என் தலையில்தான் விழும். போன மாதம் அப்படி ஒரு புகார் எழுதும்போது பெறுநர் என்ற இடத்தில் ‘தலைவர், மாநில மனநல ஆணையம்’ என்று போட்டேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் எட்டிப் பார்த்து, “யாருப்பா அந்தத் தலைவர்? அவரை யார் போட்டது?” என்றார். அன்றிலிருந்து ஆளாளுக்குக் கேட்ட கேள்விகள்தான் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஆணையம்னா எது? கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியா?

இல்லை. ஊரே ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லும் அந்த மனநல மருத்துவமனை இருப்பது அயனாவரம் பக்கம், மேடவாக்கம் டேங்க் ரோட்டில். (வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தாம்பரம் பக்கத்து மேடவாக்கத்தில் போய் இறங்கிவிட்டு எனக்குப் போன் செய்த கதை இரண்டு உண்டு.) 1794-இல் கம்பெனிக்காரன் காலத்தில் தொடங்கி, 1871-இல் இப்போதைய இடத்துக்கு வந்த ஆஸ்பத்திரி அது. ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று யாரையாவது திட்டும்போது நாம் இழுப்பது இந்த இடத்தின் பெயரைத்தான். அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள்.

ஆணையம் வைத்தியம் பார்க்காது. 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாநில மனநல ஆணையம் அமைக்க வேண்டும் என்கிறது. மாநிலத்தில் மனநோயாளிகளை உள்ளே வைத்துப் பராமரிக்கும் இடம் எதுவானாலும், அரசு ஆஸ்பத்திரியோ தனியார் இல்லமோ, இந்த ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு மட்டும் டெல்லியில் தனி ஆணையம். தரம் என்னவென்று நிர்ணயிப்பது, சரியாக நடக்கிறதா என்று மேற்பார்வையிடுவது, புகார் வாங்குவது, மருத்துவ உளவியலாளர்கள், மனநலச் செவிலியர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள் பெயரைப் பதிவேட்டில் வைப்பது, போலீசுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் இதன் வேலை. மாவட்டங்களில் மனநல மறுஆய்வு வாரியங்களை அமைப்பதும் இதுதான். ஒரு ஆளை அவர் விருப்பமில்லாமல் உள்ளே வைத்தது சரியா தப்பா என்று பார்க்கிற வாரியம் அது, ஆகவே சின்ன சமாச்சாரம் இல்லை.

சரி, இப்போ தலைவரை யார் நியமிக்கிறாங்க?

யாரும் நியமிப்பதில்லை. சுகாதாரத் துறையின் செயலாளரோ முதன்மைச் செயலாளரோ, அந்த நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர்தான் பதவி வழியில் ஆணையத்தின் தலைவர், 46-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நாளைக்கு அவருக்கு மாற்றல் வந்து போக்குவரத்துத் துறைக்கோ கைத்தறித் துறைக்கோ போனால் ஆணையத்தின் தலைமையும் அன்றைக்கே அடுத்தவர் கைக்குப் போய்விடும். மனநலம் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கப் போவதில்லை, கேட்க வழியும் இல்லை.

தினசரி நிர்வாகத்துக்கு ஒரு தலைமைச் செயல் அலுவலர் உண்டு. சி.இ.ஓ. என்றதும் எங்கள் தெருவில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்கு வரும் முதன்மைக் கல்வி அலுவலர் என்று நினைத்துக்கொண்டார்கள், அவர் வேறு, இவர் வேறு. இவரை மாநில அரசு நியமிக்கும், 52-ஆம் பிரிவு. அரசுத் துணைச் செயலாளர் அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லியிருக்கும் தகுதி. மனநலத்தில் இத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. ஆனால் அதே ஆணையத்தில் உறுப்பினராக உட்காரும் மனநலச் செவிலியருக்கு 15 வருட அனுபவம் வேண்டுமாம், அதை மட்டும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

செயலாளர் தலைவரா இருந்தா என்ன தப்பு? அவருக்குத்தானே பவர் இருக்கு?

இதைக் கேட்டது மாநகராட்சியில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டையில் ஒரு பைலை நகர்த்தத் தெரிந்தவர் தலைவராக இருந்தால் பணம் வரும், பணியிடம் நிரப்பப்படும். வெளியிலிருந்து வரும் நல்லவர் ஒருவர் மூன்று வருடம் கடிதம் எழுதியே ஓய்ந்துபோகலாம்.

ஆனால் இதைப் பாருங்கள். எங்கள் ஏரியாவில் கால்பந்து பார்க்காத ஆள் குறைவு. ஆடுகிற டீமின் கேப்டன் கையிலேயே விசிலையும் கொடுத்தால் எந்த ஃபவுலுக்கு ஊதுவான்? அரசு மனநல மருத்துவமனையும், மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளும், மாத்திரை வாங்குவதும், டாக்டர் போஸ்டிங் போடுவதும் எல்லாம் சுகாதாரத் துறை. அதற்குத் தலை செயலாளர். அங்கே குறை இருந்தால் புகார் போக வேண்டிய ஆணையத்துக்கும் தலை அவரேதான். 1987-ஆம் வருடச் சட்டத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு லைசென்சே தேவைப்படவில்லை, தனியாருக்கு மட்டும்தான். 2017 சட்டம் அரசு மருத்துவமனைகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது, அது பெரிய முன்னேற்றம். கொண்டுவந்த கையோடு சோதிக்கிற பொறுப்பை அந்தத் துறையின் தலைவரிடமே கொடுத்துவிட்டது.

ஒருமுறை ஒரு அரசு மருத்துவமனையில் (எது என்று சொல்லவில்லை) சித்திக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை இரண்டு மாதம் இல்லை. நோட்டில் டாக்டர் எழுதுவார், மருந்து கொடுக்கும் ஜன்னலில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு சுழி போட்டு “வெளிய வாங்கிக்கோங்க” என்பார்கள். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது, நான்கு சுழி. யாரிடம் புகார் எழுதுவது என்று கேட்டேன். துறைக்கு எழுதுங்கள் என்றார் ஒருவர். ஆணையத்துக்கு எழுதுங்கள் என்றார் இன்னொருவர். இரண்டு கவரும் கடைசியில் ஒரே மேசைக்குத்தான் போகும் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

அப்போ டாக்டரைப் போடணுமா, ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் போடணுமா?

இந்தச் சண்டை எல்லா இடத்திலும் உண்டு. டாக்டர் பக்கம் பேசுகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961-லிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளர், அப்புறம் 1984-இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கியவர், 1992-இல் பத்மபூஷண். 17 வருடம் ஒரே இடத்தில் பொறுப்பில் இருந்தார், அதுதான் விஷயமே. வந்து ஒன்றரை வருடத்தில் பெட்டி கட்டுகிறவரால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஒரு வார்டின் பழக்கத்தை மாற்ற முடியாது.

ஆனால் ‘டாக்டர்தான் தலைவர்’ என்று சட்டமாகவே எழுதிவைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆணையம் சோதிக்கப்போவது டாக்டர்களைத்தானே. ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே சங்கத்தில் இருப்பவர்கள், ‘சார் என் ப்ரொபசர்’ என்கிற மரியாதை எல்லாம் அங்கே வரும். நல்ல சமூகப் பணியாளர் ஒருவர், இந்தத் துறையிலேயே ஊறின வழக்கறிஞர் ஒருவர், ஏன் 20 வருடம் வார்டில் நின்ற செவிலியர் ஒருவர்கூடத் தலைமை ஏற்கலாம். தொழில் எதுவாகவும் இருக்கட்டும், மனநலத்தில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்தவராக இருக்க வேண்டும், எந்த மருத்துவமனையோடும் இல்லத்தோடும் அவருக்குப் பணத் தொடர்பு இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் எழுத்தில் போட்டால் எனக்குப் போதும்.

ஆளுநர் நியமிக்கட்டுமே? அமெரிக்காவுல அப்படித்தானாமே?

ஆளுநர் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் உச்சரித்ததும் வேறு சண்டை வந்துவிடும். துணைவேந்தரை யார் போடுவது என்று நம் ஊரில் கோர்ட்டு வரை போன கதை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறவர், நம் முதலமைச்சர் மாதிரி. நம் ஆளுநர் டெல்லி அனுப்புகிறவர். பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அங்கே ஆளுநர் நியமிப்பது, வாரியம் நியமிப்பது என்று இரண்டு வழியும் உண்டு, இரண்டுமே உதை வாங்கியிருக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தில் மனநலத் துறையின் ஆணையரை முன்பு ஒரு வாரியம் தேர்ந்தெடுத்தது. 2019-இல் சட்டத்தை மாற்றி, சிறை, போக்குவரத்து மாதிரி சில துறைகளோடு இதையும் ஆளுநரே நேரடியாக நியமிக்கலாம், நீக்கலாம் என்று கொடுத்தார்கள். வாரியம் என்றால் யாரையும் பொறுப்பாக்க முடியவில்லை, ஆளுநர் என்றால் ஓட்டுப் போட்ட மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். அப்புறம் 2025-இல் அந்தத் துறையின் கணக்கில் கோடிக்கணக்கான டாலர் துண்டு விழுந்தது வெளியே வர, ஆளுநர் தான் நியமித்த ஆணையர் பக்கம் நின்றும்கூட, சட்டமன்றமே வாக்கெடுத்து அவரை நீக்கியது. நியமிக்கும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்தாலும் நீக்கும் சாவியை இன்னொருவர் கையிலும் வைத்திருந்தார்கள், அந்தப் பூட்டு அன்றைக்கு வேலை செய்தது.

மிசிசிப்பியில் நேர்மாறு. ஒன்பது பேர் கொண்ட மனநல வாரியம், ஒவ்வொருவருக்கும் ஏழு வருடப் பதவி, ஒரே நாளில் எல்லோரும் மாறாதபடி தவணை முறையில் நியமனம். துறையின் இயக்குநரை அந்த வாரியம்தான் தேர்ந்தெடுக்கும். தேர்தலில் யார் ஜெயித்தாலும் வாரியம் அப்படியே நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாநிலம் மனநோயாளிகளை ஊருக்குள் வைத்துப் பராமரிக்காமல் ஆஸ்பத்திரியிலேயே அடைத்து வைக்கிறது என்று 2016-இல் அமெரிக்க நீதித்துறை வழக்கே போட்டது. 2019-இல் கீழ்க் கோர்ட்டில் மாநிலம் தோற்றது, 2023-இல் மேல்முறையீட்டில் தப்பித்தது. ஆக, வாரியம் நியமித்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் மிசிசிப்பியைக் காட்டுங்கள்.

நம்ம ஊர்ல அரசாங்கத்துகிட்ட விட்டா கட்சிக்காரனைப் போட்டுட மாட்டாங்களா?

போடுவார்கள். எந்தக் கட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டு கிடைக்காதவருக்கு வாரியத் தலைவர் பதவி என்பது நம் ஊரில் பழைய வழக்கம், வாரியம் என்ற சொல்லைக் கேட்டாலே சைரன் வைத்த கார் ஞாபகம் வருகிற அளவுக்கு. செயலாளரே பதவி வழியில் தலைவராக இருப்பதில் உள்ள ஒரே நிம்மதி இதுதான், கட்சிக்காரர் உள்ளே வர முடியாது. அதனால் செயலாளரை எடுத்துவிட்டு ‘அரசு நியமிக்கும்’ என்று மொட்டையாக மாற்றினால் அடுப்பிலிருந்து எடுத்து நெருப்பில் போட்ட கதைதான்.

மனித உரிமை ஆணையத்துக்கு இருக்கிற மாதிரி குழு வைக்கலாமா?

வைக்கலாம். 1993-ஆம் வருட மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஆள் தேர்வு செய்யும் குழுவில் முதலமைச்சர், சபாநாயகர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் இருப்பார்கள். நால்வரில் மூவர் ஆளும் தரப்பு, அதனால் எதிர்க்கட்சித் தலைவர் எதிர்ப்பைப் பதிவு செய்யலாமே தவிர தடுக்க முடியாது. என்றாலும் பெயர் வெளியே வருகிறது, ஒருவர் கேள்வி கேட்க வாய்ப்பு இருக்கிறது. மனநல ஆணையத்துக்கு அதுகூட இல்லை.

எனக்கு அந்தக் குழுவில் குறையாகத் தெரிவது வேறு. நான்கு பேரில் ஒருவர்கூட நோயை அனுபவித்தவரோ, நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவரோ இல்லை. இங்கே அதையே அப்படியே நகல் எடுக்கக் கூடாது.

ஓய்வு பெற்ற நீதிபதியை வெச்சா நியாயமா இருக்குமே?

மறுஆய்வு வாரியத்துக்கு ஏற்கெனவே மாவட்ட நீதிபதியோ, அந்தத் தகுதி உள்ளவரோ, ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியோதான் தலைவர். அங்கே அது சரி, ஒரு ஆளின் சுதந்திரத்தைப் பற்றிய தீர்ப்பு. ஆணையம் தீர்ப்புச் சொல்கிற இடம் இல்லை, காலில் செருப்பு மாட்டிக்கொண்டு இல்லம் இல்லமாகப் போய்ப் பார்க்கிற இடம்.

நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் இதுல குரல் உண்டா?

ஏட்டில் உண்டு. மனநோய் உள்ளவர்களோ இருந்தவர்களோ அவர்கள் சார்பில் இரண்டு பேர், பராமரிப்பவர்கள் சார்பில் இரண்டு பேர், தொண்டு நிறுவனங்கள் சார்பில் இரண்டு பேர் ஆணையத்தில் உட்கார வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று வருடப் பதவி, 70 வயது வரை. உலகத்தில் பல இடங்களில் இதுகூடக் கிடையாது, அதனால் நான் இதை லேசாகப் பேச மாட்டேன். ஆனால் அவர்களை நியமிப்பதும் அரசுதான். எதிர்த்துப் பேசுகிறவர் அடுத்த முறை இருப்பாரா என்பது அரசின் மனசைப் பொறுத்தது. தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் இவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை, தலைவர் ஏற்கெனவே நாற்காலியோடு வந்துவிடுகிறார்.

சித்தியிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். பல வருடத்துக்கு முன்னால், பாட்டி இறந்த சமயம் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் செங்குன்றம் தாண்டி ஒரு தனியார் இல்லத்தில் அவரை ஆறு மாதம் விட்டிருந்தோம். வெளியே ‘முதியோர் இல்லம்’ என்று போர்டு. உள்ளே ஒரே ஹால், சுவரோரமாகச் சுருட்டி வைத்த பாய்கள், ஒரு ஜன்னல், அதற்கும் கம்பி வலை. நான் போகும்போதெல்லாம் முன் அறையில் உட்கார வைத்து சித்தியை அங்கே கூட்டி வருவார்கள், ஹாலை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், அதுவும் மழைக்கு ஒதுங்கியபோது. சித்தி சொன்னது இது: “அதிகாரிங்க வர்ற அன்னிக்குக் காலையில பச்சைக் கரை போட்ட பெட்ஷீட் குடுப்பாங்க. சாயங்காலம் எண்ணி வாங்கிப்பாங்க. எனக்குக் கறை பட்டுச்சுன்னு திட்டு. தலைவர் யாரா வேணா இருக்கட்டும்டா, சொல்லாம வரச் சொல்லு.”

நான் படித்த சட்டப் பிரிவுகளை எல்லாம் அவரிடம் அப்புறம் விளக்கவில்லை.

இதெல்லாம் பெரிய விஷயமா? தலைவர் யாரா இருந்தா என்ன, வேலை நடந்தா சரி

ஏர்வாடி ஞாபகம் இருக்கிறதா? 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம். தர்காவைச் சுற்றி இருந்த தனியார் ‘மனநலக் காப்பகங்களில்’ ஒன்றில் விடியற்காலையில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அதற்கு எட்டு வருடம் முன்னாலேயே, 1993-லிருந்து, 1987-ஆம் வருடச் சட்டம் நடைமுறையில் இருந்தது. மாநில ஆணையம் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், சோதனை வேண்டும் என்று எல்லாம் அந்தச் சட்டத்திலும் எழுதித்தான் இருந்தது. போய்ப் பார்க்கிற ஆள் இல்லை. உச்ச நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்த பிறகுதான் நாடு முழுக்க ஆணையங்களைத் தேடினார்கள். 2017 சட்டத்தில் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 95-ஆம் பிரிவில் நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் 5 லட்சம் வரை போகும். இந்த அபராதத்தைப் போட யாராவது கதவைத் தட்ட வேண்டும் இல்லையா? அதை முழுநேர வேலையாக வைத்திருக்கிறவர் தலைவராக இருப்பதற்கும், நாற்பது கமிட்டிகளில் ஒன்றாக இதையும் வைத்திருக்கிறவர் தலைவராக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்கிறேன்.

அப்போ நீங்கதான் சொல்லுங்க, யார் நியமிக்கணும்?

மாநில அரசே நியமிக்கட்டும். ஓட்டு வாங்கி வந்தவர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கு ஏதாவது நடந்தால் சட்டமன்றத்தில் எழுந்து பதில் சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயரைப் போடக் கூடாது. ஐந்து பேர் குழு ஒன்று விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் வாங்கி, மூன்று பெயரை அரசுக்கு அனுப்பட்டும், அந்த மூன்றும் இணையத்தில் வரட்டும். குழுவில் உயர் நீதிமன்றம் பரிந்துரைக்கும் ஒருவர், எதிர்க்கட்சித் தலைவர், அரசுப் பணியில் இல்லாத மனநல நிபுணர் ஒருவர், நோயிலிருந்து மீண்டவர் ஒருவர், பராமரிப்பவர் ஒருவர். சுகாதாரத் துறைச் செயலாளர் ஆணையத்தில் உறுப்பினராக இருக்கட்டும், பைல் நகர வேண்டும் என்று அந்தப் பெரியவர் சொன்னதை நான் மறக்கவில்லை, ஆனால் தலைமை நாற்காலியில் வேண்டாம்.

நீக்குவதைப் பற்றி இன்னும் கறாராக இருக்க வேண்டும். நியமனத்தை எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், பிடிக்காத அறிக்கை ஒன்று எழுதிய மறுவாரம் மாற்றல் ஆர்டர் கொடுக்க முடியும் என்றால் எல்லாம் வீண். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலப் போலீஸ் தலைவரான டி.ஜி.பி.க்குக் குறைந்தது இரண்டு வருடப் பதவி என்று சொன்னது இதனால்தான். மனநல ஆணையத் தலைவருக்கு மூன்று வருடம் உறுதியாக வேண்டும், நடுவில் நீக்கினால் காரணத்தை எழுதிச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

குழுவுக்கு யார் யார் என்பதில் என் தெருவிலேயே ஒத்த கருத்து இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் எதற்கு, அரசியலை நாமே கூட்டி வருவதா என்று ஒரு அக்கா கேட்டார். வராமல் இருக்கப் போவதில்லை, வருவது வெளிச்சத்தில் வரட்டும் என்று நினைக்கிறேன்.

இதைத் தமிழ்நாடு அரசு தானா செய்ய முடியுமா?

பாதி முடியும். மனநலம் பொதுப்பட்டியலில், 16-ஆவது இனத்தில் வருகிறது. அதாவது மத்திய, மாநில அரசு இரண்டும் சட்டம் போடலாம். ஆனால் மத்தியச் சட்டம் ஒன்று இருக்கும்போது அதற்கு முரணாக மாநிலம் திருத்தம் கொண்டுவந்தால், அரசியலமைப்பின் 254-ஆவது உறுப்புப்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். செயலாளர் தலைவர் என்பது மத்தியச் சட்டத்திலேயே இருப்பதால் அதை மாற்ற அந்த நீண்ட வழிதான்.

தலைமைச் செயல் அலுவலர் விஷயம் அப்படி இல்லை. அவரை மாநில அரசு நியமிக்கும் என்று மட்டும்தான் சட்டம் சொல்கிறது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கையைக் கட்டவில்லை. தேர்வுக் குழு வைப்பது, மனநல அனுபவத்தைத் தகுதியாக்குவது, மூன்று வருடத்துக்கு மாற்றுவதில்லை என்று முடிவெடுப்பது எல்லாம் ஒரு அரசாணையில் முடியும் வேலை. இல்லங்களுக்குப் போய்ப் பார்க்கும் வேலையை நடத்தப்போவது அந்த அலுவலர்தான் என்பதால் நான் முதலில் அங்கிருந்துதான் கேட்பேன்.

எங்க வீட்டு ஆளுக்கு இன்னிக்கே உதவி வேணும், நியமனம் எல்லாம் அப்புறம்

நியாயம். அவசரப் பேச்சு உதவிக்கு 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அயனாவரம் வரை போக வேண்டியதில்லை. உள்ளே வைத்தது தப்பு என்று நினைத்தால் மறுஆய்வு வாரியத்துக்கு நோயாளியோ அவர் நியமித்த பிரதிநிதியோ எழுதலாம், கட்டணம் கிடையாது. இலவச சட்ட உதவியும் நோயாளியின் உரிமை.

ஆணையம் வேலை செய்யுதான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், மாநில மனநல ஆணையம் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை, எப்போது’ என்று கேளுங்கள். ஆணையம் வருடத்துக்கு நான்கு தடவையாவது கூட வேண்டும் என்று 56-ஆம் பிரிவு சொல்கிறது, கடந்த மூன்று வருடத்தில் கூட்டம் நடந்த தேதிகளையும் அதில் எத்தனை கூட்டத்துக்குத் தலைவர் வந்தார் என்பதையும் கேளுங்கள். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பதிவான இல்லங்களின் பட்டியலைக் கேளுங்கள். அந்த இல்லங்களைக் கடைசியாகப் பார்த்த தேதியைக் கேளுங்கள். அப்புறம் சித்திக்காக நான் சேர்க்கும் ஒரு வரி: அந்தச் சோதனைகளில் எத்தனை முன்கூட்டியே தகவல் சொல்லி நடந்தவை, எத்தனை சொல்லாமல் நடந்தவை?